பட்டையில் ஒட்டிய பஞ்சு

மெஷினைத் திறந்தால் துணி ஒவ்வொன்றாக வரவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே உருண்டையாக வந்தது. அவள் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த கணவர் முன்னால் வைத்தாள்.

“என்னது இது?”

“என் ஸ்வெட்டர். உங்க பனியன் ரெண்டு. ஒரு தலையணை உறை. இத்தனை பேரையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நடுவுல ஒருத்தர் உக்காந்திருக்காரே, யாரு தெரியுதா? உங்க முட்டிப் பட்டை.”

“அழுக்கா இருந்துச்சு, போட்டேன்.”

“வாயைத் திறந்தபடியே போட்டிருக்கீங்க.”

“பட்டைக்கு ஏது வாய்?”

அவள் உருண்டையிலிருந்து ஒரு நாக்கைப் பிடித்து இழுத்தாள். சர்ர்ரென்று சத்தம் வந்தது. ஸ்வெட்டரிலிருந்து இரண்டு முழம் நூலும் கூடவே வந்தது.

“இதுதான் வாய். பல்லைப் பாத்துக்கோங்க.”

ஊரெல்லாம் வெல்க்ரோ என்கிற அந்தப் பட்டைக்கு, அவள் வேலை பார்க்கும் ஓட்டல் சலவை அறையில் ‘கடிக்கிற பட்டை’ என்று பெயர். ஒரு பக்கம் மெத்தென்று இருக்கும், அது சாது. மறுபக்கம் சொரசொரவென்று பொடிக் கொக்கிகள், அதுதான் கடிக்கும். இரண்டையும் ஒட்டி மூடித் தண்ணீரில் போட்டால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். திறந்து போட்டால் கூட வருகிறவனையெல்லாம் கவ்வும். இருபத்தாறு வருஷமாக விரிப்பு மடிக்கிற மேஜையில் நிற்கிறவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இவருக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. இவர் லிஃப்ட் மெக்கானிக். தாங்குகிற கம்பி எது, தாங்காத கம்பி எது என்று காதாலேயே சொல்லிவிடுவார். துணி என்று வந்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான்.

அதற்குச் சில நாள் முன்னால்தான் லிஃப்ட் குழிக்குள் ஏணி வழுக்கி, அவருடைய வலது முட்டி திருகிக்கொண்டது. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுக்கு இரண்டாக முட்டிப் பட்டை எழுதிக் கொடுத்தார்.

“ஒண்ணு கால்ல, ஒண்ணு கொடியில. காலையில எழுந்ததுலேர்ந்து படுக்கிற வரைக்கும் கழட்டக் கூடாது. ஆறு வாரம். உள்ள கிழிஞ்சிருக்கிற நார் தானா ஒட்டிக்கிட்டா நல்லது.”

“ஒட்டலைன்னா?” என்று அவள்தான் கேட்டாள்.

“ஒட்டலைன்னா கத்தி வெச்சுத்தான் ஆகணும். அப்புறம் மூணு மாசம் படுக்கை.”

ஊசி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷர். கத்தி என்றதும் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவள் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். படுத்தால் தூக்கி உட்கார வைக்க வேண்டும், குளிக்க வைக்க வேண்டும். வீட்டில் இன்னொரு ஆள் கிடையாது. அவளுடைய வலது கைப் பெருவிரல் மூட்டோ மூன்று மாதமாகவே மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. அதற்கும் அதே டாக்டர் ஒரு கைப்பட்டை கொடுத்திருந்தார். இவர் படுக்கையில் விழுந்தால் அந்தக் கையால் தூக்க முடியாது. அது அவளுக்குத் தெரியும். இவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்வெட்டர் போன நாளிலிருந்து பட்டைகளை மெஷின் பக்கமே அவள் விடவில்லை. புதன் ஒரு நாள், ஞாயிறு ஒரு நாள், கையால்தான். முதலில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கொக்கிகளுக்கு நடுவே சிக்கின பஞ்சு, முடி, நூல் எல்லாவற்றையும் வாரி எடுப்பாள். அப்புறம் பட்டைகளை ஒட்டி மூடி, வலைப்பைக்குள் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பைக் கரைத்து அலசுவாள். முறுக்க மாட்டாள். துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் தொங்கவிடுவாள். தன் கைப்பட்டையையும் அதே வலைப்பையில் சேர்த்துக்கொள்வாள்.

“குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி குளிப்பாட்டுற,” என்பார் அவர்.

“குழந்தைன்னா சொன்னபடி கேக்கும்.”

இரண்டாம் வாரக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை, பிரஷ்ஷை எடுத்தவள் அப்படியே நிறுத்தினாள். வாருவதற்கு ஒன்றும் இல்லை. மூன்று நாள் காலில் கிடந்த பட்டையின் கொக்கிகள் அலம்பி வைத்த தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தன.

காலில் கிடக்கிற பட்டை அப்படி இருக்காது. கால்சட்டையில் உரசும், போர்வையில் உரசும், இறுக்கிக் கட்ட நாளுக்கு நாலு தரம் பிரிப்பார்கள், ஒட்டுவார்கள். மூன்று நாளில் குருவிக்கூடு கட்டாத குறையாகப் பஞ்சு சேர்ந்திருக்கும்.

“என்னங்க, பட்டையைப் போடறீங்களா?”

“போடாம?”

“நான் வேலைக்குப் போன பிறகும்?”

“அதுக்கு ஒரு சாட்சியைக் கூட்டியாரணுமா?”

“சாட்சி என் கையில இருக்கு. கொக்கியில ஒரு பொட்டுப் பஞ்சு இல்ல.”

“சுத்தமா வெச்சுக்கிட்டா பாராட்டணும். நீ விசாரணை வைக்கிற.”

அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். பேசினதே தப்பு என்று அடுத்த புதன்கிழமைதான் அவளுக்குப் புரிந்தது. திருடனுக்குப் பூட்டு இருக்கிற இடத்தைக் காட்டிக் கொடுத்த கதை.

புதன்கிழமை பட்டையில் பஞ்சு இருந்தது. கொஞ்சநஞ்சமில்லை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், சுவருக்குப் பூசின மாதிரி ஒரே சீராக. அவள் பிரஷ்ஷால் வாரி உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். நீலம். வீட்டில் அவர் போடுகிறது பழுப்புக் கால்சட்டை. போர்த்துகிறது பச்சைப் போர்வை.

குளியலறைக்குப் போனாள். வாசலில் கிடந்த நீலக் கால்மிதியின் ஒரு மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு மயிர் உதிர்ந்து வழுக்கை விழுந்திருந்தது.

கால்மிதி ஒரு கையிலும் பட்டை ஒரு கையிலுமாகக் கூடத்துக்கு வந்தாள்.

“என்னங்க.”

“ம்.”

“இந்தக் கால்மிதிக்கும் முட்டி வலியா?”

அவர் கால்மிதியைப் பார்த்தார். பட்டையைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார்.

“பஞ்சுன்னா பஞ்சுதானேன்னு நினைச்சேன்,” என்றார்.

“நிறம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“அது தோணலை.”

“சலவைக்காரிகூட முப்பது வருஷம் குடித்தனம் நடத்திட்டு, அவகிட்டயே முழுப் பூசணிக்காயை மறைக்கப் பாக்கறீங்க. நியாயமா இது?”

“சிரிச்சுட்டு விடேன்.”

“சிரிக்கலாம். கத்தி வைக்கிற அன்னிக்கு யாரு சிரிக்கிறது? ஏன் போடலை? அரிக்குதா? இறுக்குதா?”

“இல்ல.”

“வெட்கமா?”

“யாருக்கு வெட்கம்?”

“அப்ப என்னதான்?”

அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். சொல்ல மனமில்லாமல், ஆனால் சொல்லாமல் தீராது என்று தெரிந்து, மெல்லச் சொன்னார்.

“டெஸ்ட் பண்ணிப் பாக்கறேன்.”

“எதை?”

“காலைத்தான். நீ போனதும் பட்டையைக் கழட்டிடுவேன், நீ வர்ற நேரத்துக்குத்தான் மறுபடி மாட்டுவேன். மாடிப்படியில ஒரு தரம் இறங்கி ஏறுவேன். மணிக்கு ஒரு தரம். கிளிக்னு சத்தம் வருதா, எத்தனாவது படியில வலிக்குதுன்னு…”

“மணிக்கு ஒரு தரமா!”

“ரிப்பேர் பண்ணின லிஃப்டை ஓட்டிப் பாக்காம எவனாவது விடுவானா? மேலயும் கீழயும் பத்து தரம் ஓட்டினாத்தான் நாங்க கையெழுத்தே போடுவோம். நாளைக்கு ஆள் ஏறுற வண்டி அது.”

அவளுக்குக் கோபம் வந்தது. அதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டாள்.

“லிஃப்டை நீங்க ரிப்பேர் பண்றீங்க. ஓட்டிப் பாக்கறீங்க, சரி. இதை யாரு ரிப்பேர் பண்றது?”

“தானா ஆறுதுன்னு டாக்டர் சொன்னாரு.”

“ஆறுறதுக்குள்ள மணிக்கொரு தரம் பிரிச்சுப் பாத்தா? பசை காயறதுக்கு முன்னாடி ஒட்டினதை இழுத்து இழுத்துப் பாக்கற ஆளை நீங்க வேலைக்கு வெச்சுப்பீங்களா?”

உதாரணம் அவருடைய தொழிலுக்குப் பக்கத்திலேயே போய் விழுந்துவிட்டது. அவர் அவள் கையிலிருந்த கால்மிதியை வாங்கி அதன் வழுக்கையை விரலால் தடவினார். பிறகு நிமிர்ந்தார்.

“சரி. என் பட்டை மாட்டிக்கிச்சு. உன் பட்டை?”

“என் பட்டைக்கு என்ன?”

“கொடியில பக்கத்துல பக்கத்துலதானே தொங்குது. நானும் நாள் பூரா அதைத்தான் பாத்துட்டு உக்காந்திருக்கேன். என்னுது நாலு துவையல்ல வெளிறிப் போச்சு. உன்னுது மூணு மாசமா கடையில வாங்கின மினுமினுப்பு அப்படியே இருக்கு. ஒரு நூல் கூட ஒட்டினதில்ல.”

அவள் கையிலிருந்த பட்டையைச் சுருட்டினாள்.

“நீ வேலை பாக்கறது எங்க? நாள் பூரா வெள்ளைத் துணி. பஞ்சு மழை பெய்யற இடம். அங்க போட்டிருந்தா அது ஆட்டுக்குட்டி மாதிரியில்ல வந்திருக்கணும்?”

அவள் சுருட்டின பட்டையை மறுபடி விரித்தாள்.

“அழுக்கே ஆகாததை வாரம் ரெண்டு தரம் எதுக்குடி துவைக்கிற?”

“துவைச்சா போட்டேன்னு நினைப்பீங்கன்னுதான்,” என்றாள்.

இப்போது அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள்.

“ஏன் போடலை?”

“பட்டையோட போய் நின்னா சூப்பர்வைசர் பாப்பாரு. கை போச்சா, மேஜையை விட்டு நகருன்னுடுவாரு. இருபத்தாறு வருஷமா நிக்கிற இடம்.”

“வலிக்குதா?”

“பெரிய விரிப்பு மடிக்கும்போது.”

“தினம் எத்தனை?”

“எண்ணினதில்ல.”

“நான் படுத்தா நீதானே என்னைத் தூக்கணும். இந்தக் கையாலயா?”

“அதுக்குத்தான் உங்களைப் படுக்காதீங்கங்கறேன்.”

தெருவில் ஒரு வண்டி பின்னால் நகர்ந்து கூவியது. அவர்தான் முதலில் கையை நீட்டினார்.

“கொண்டா அந்த இன்னொரு பட்டையை. என் காலுக்கு. உன்னுதையும் எடு. நாளைக்குப் போட்டுக்கிட்டுப் போ. ஞாயித்துக்கிழமை ரெண்டையும் வெச்சுப் பாப்போம். யாருது சுத்தமா இருக்கோ அவங்க ஒரு வாரம் பாத்திரம் கழுவணும்.”

“கால்மிதியைத் தொடக் கூடாது.”

“அதான் நீலம்னு கண்டுபிடிச்சுட்டியே.”

மறுநாள் காலையில் அவள் கைப்பட்டையோடு மேஜையில் நின்றாள். சூப்பர்வைசர் இரண்டு தரம் கடந்து போனார். மூன்றாம் தரம் நின்றார்.

“என்னம்மா கையில?”

“பட்டை சார்.”

“எப்பலேர்ந்து?”

“மூணு மாசமா.”

“நான் பாத்ததே இல்லையே?”

“நானும் இன்னிக்குத்தான் போடறேன் சார்.”

அவர் அதை யோசித்துப் பார்த்தார். பிறகு, “தலையணை உறை மேஜைக்குப் போங்க. விரிப்பை அந்தப் பொண்ணு பாக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். மூன்று மாதமாக அவள் பயந்துகொண்டிருந்தது இந்த ஒரு வரிக்கு. வலித்தது, கை இல்லை, மனசு. ஆனால் மத்தியானத்துக்குள் உறைகளின் மூலை அவள் விரலுக்குப் பழகிவிட்டது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு முடிந்ததும் மேஜையில் பழைய செய்தித்தாளை விரிப்பார்கள். அவர் பட்டையிலிருந்து பழுப்புப் பஞ்சு வரும், கொஞ்சம் பச்சையும். அவள் பட்டையிலிருந்து வெள்ளை. முதல் வாரம் வெள்ளைக் குவியல் பெரிதாக இருந்தது. அவர் பாத்திரம் கழுவினார், நின்றபடியே, பட்டையோடு. அதற்கடுத்த வாரம் அவள் கழுவினாள். கைப்பட்டை நனையக் கூடாது என்று அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டார். லிஃப்ட் கம்பி கட்டுகிற முடிச்சு. அவிழ்க்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

ஆறாவது வாரம் முடிந்து டாக்டரிடம் போனார்கள். டாக்டர் முட்டியை மடக்கினார், நீட்டினார், பக்கவாட்டில் அசைத்தார். அவள் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். இவர் சுவரைப் பார்த்தார்.

“ஆரம்பத்துல கொஞ்ச நாள் சரியாப் போடலையோ?”

பொய் சொல்லப் போகிறார் என்று நினைத்தாள்.

“ரெண்டரை வாரம் ஒழுங்காப் போடலை டாக்டர்.”

“ஏன்?”

“டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்.”

“அது என் வேலை.”

“இப்பத் தெரியுது.”

டாக்டர் இன்னொரு தரம் அமுக்கினார். “அப்புறமாவது ஒழுங்காப் போட்டிருக்கீங்க. ஒட்ட ஆரம்பிச்சிருக்கு. ஆனா இன்னும் உறுதியா இல்ல. இன்னொரு நாலு வாரம் பட்டை. இதே மாதிரி போனா கத்தி வேண்டாம்.”

இவர் சுவரிலிருந்து கண்ணை எடுத்தார். டாக்டர் எழுதிக்கொண்டே அவளுடைய கையைப் பார்த்தார்.

“உங்களுக்கு எப்படிம்மா இருக்கு? போடறீங்கல்ல?”

“மூணு வாரமாப் போடறேன்.”

“கொடுத்து நாலரை மாசம் இருக்குமே. அதுக்கு முன்னாடி?”

“துவைச்சுட்டு இருந்தேன் டாக்டர்.”

டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவளுடைய சீட்டிலும் நாலு வாரம் என்று எழுதினார்.

வீட்டுக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் லிஃப்ட் இல்லை என்று எல்லோரும் சொல்லிச் சிரித்து அலுத்துப்போன விஷயம். படியின் அடியில் அவர் நின்றார்.

“ஒரே ஒரு தரம், கழட்டிட்டு…”

“ஏறுங்க.”

பட்டையோடு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு கால் வைத்து ஏறினார். அவள் ஒரு படி பின்னால் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் செய்தித்தாளை விரித்தாள். பிரஷ்ஷை எடுத்து வைத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பட்டைக் காலை நீட்டி மேஜையருகே உட்கார்ந்தார்.

“கையைக் காட்டு. உன்னுதை முதல்ல பாக்கலாம்,” என்றார்.