கிளிப்பச்சை

...வெள்ளைதான் சரி, வெள்ளை என்றால் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள், கும்பகோணம் ரோட்டில் பாதிக்குமேல் வெள்ளை வண்டிதான், கல்யாணத்துக்குப் போகிறவன், ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவன், கோயில் பார்க்க வந்தவன் எல்லாரும் வெள்ளையில்தான் போகிறார்கள், அந்தக் கும்பலோடு கும்பலாகத் தாராசுரத்தில் அந்த வேப்பமரத்தடியில் போய் நின்றால் குந்தவைக்கு என்ன தெரியப்போகிறது... பஞ்சநதம் ரோலரைப் பெயிண்டுத் தட்டில் உருட்டி, சொட்டை வடியவிட்டு, காரின் பின்கதவில் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தார். அடியிலிருந்த கிளிப்பச்சை சட்டென்று போய்விடவில்லை, வெளிறிப்போய் வெள்ளைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. இரண்டாவது கோட்டுக்கு அடங்கிவிடும், அடங்கித்தானே ஆகவேண்டும். பெற்ற மகளைப் பார்க்க மாறுவேடம் போடுகிற ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன், அதுவும் வேடம் எனக்கில்லை, வண்டிக்கு... சிரிப்பு வந்தது, ரோலரை மறுபடி தட்டில் உருட்டினார்.

செவ்வாய்க்கிழமையானால் மனைவி பூவம்மாளிடம் கும்பகோணத்து உரக்கடைக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். உரக்கடையாவது ஒன்றாவது. தாராசுரத்தில் மகள் குடியிருக்கும் வீட்டுக்கு எதிர்ச்சாரியில், வேப்பமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வேர்த்து வழிய உட்கார்ந்திருப்பார். அவள் வெளியே வருவாள். துணி காயப்போடுவாள், வாசலில் தண்ணீர் விசிறுவாள், தக்காளி விலைக்குக் காய்கறி வண்டிக்காரனோடு மல்லுக்கு நிற்பாள், அதைப் பார்க்கும்போது மட்டும் இவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும், ஆமாம் அவள் அம்மாவின் வாய் அப்படியே... கிளிப்பச்சை வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஒளிந்திருப்பதாக நினைத்த புத்திசாலி! போன செவ்வாய்க்கிழமை அவள் படிக்கட்டுக்கு வந்தாள், நேரே வண்டியைப் பார்த்தாள், கண்ணாடிக்குள்ளே இவர் கண்ணையே பார்த்தாள், பார்த்த மாத்திரத்தில் திரும்பி உள்ளே போய்க் கதவைப் படாரென்று சாத்தினாள். அந்தச் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. பிடிக்கவில்லை, அப்பன் மூஞ்சியைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை, வேறென்ன. வண்டியை எடுத்தவர் பாபநாசத்தை எப்படித் தாண்டினார், ஊருக்குள் எப்படி வந்தார் என்று சத்தியமாக அவருக்குத் தெரியாது. அதற்காக இனிமேல் பார்க்காமல் இருந்துவிட முடியுமா? அதைத்தான் ஒரு வாரமாக யோசித்தார். பார்க்காமல் முடியாது, பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியவும் கூடாது. அப்படியென்றால் இந்தப் பச்சைதான் போகவேண்டும்.

பட்டறையில் கேட்டால் அவன் சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம். நாமே அடித்தால் என்ன, ஏர் பிடித்த கை ரோலர் பிடிக்காதா... பூவம்மாள் அவள் தம்பி வீட்டுக்கு மன்னார்குடி போனது தோதாகப் போயிற்று. நேற்று பூராவும் வண்டியைக் கழுவி, உப்புத்தாளால் தேய் தேய் என்று தேய்த்து, கண்ணாடிக்கும் கைப்பிடிக்கும் பழைய பேப்பரை ஒட்டி, புத்திகெட்டுப்போய் முதலில் வயலுக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் எனாமலைக் கரைத்து ஊற்றினார். கதிருக்கு அடிக்கிற மாதிரி காருக்கும் அடித்துவிடலாம் என்று எண்ணம். கொஞ்சம் பீச்சியது, துப்பியது, பிறகு மூக்கடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. டிக்கி முழுக்க அம்மை போட்ட மாதிரி புள்ளி. அதைத் துடைத்துவிட்டு ரோலருக்கு மாறினார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிங்காரவேலு, "என்னண்ணே, வண்டிக்கே வெள்ளையடிக்கிறீங்க, எலெக்சன்ல நிக்கப்போறீங்களா? ஆர்சி புக்குல பச்சன்னுல்ல இருக்கும், போலீசு புடிச்சா என்னத்தச் சொல்லுவீங்க?" என்றான். "போடா, வெயிலுக்கு வெள்ளைதான் குளிர்ச்சி" என்றார். என்னத்தைச் சொல்வது. பச்சை வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவள் குந்தவை. பிளஸ் டூ பரீட்சை முடிந்த வருஷம், கடைக்காரன் சாம்பல், சிவப்பு, வெள்ளை எல்லாம் காட்டினான், இது யாரும் வாங்காமல் கிடந்த கலர் என்று விலையைக்கூடக் குறைத்தான், அப்பா இதுதான்ப்பா, எவ்வளவு கூட்டத்துல நிறுத்தினாலும் நம்ம வண்டி தொலையாதுப்பா என்றாள். தொலையவில்லைதான், வண்டி தொலையவில்லை.

அதே வண்டியைச் சொல்லித்தான் அந்தப் பேச்சையும் பேசித் தொலைத்தார். இளவழகனை அவருக்குப் பிடிக்காமலா இருந்தது? கீழத்தெரு வேம்புவின் பையன், வேம்பு இவர் வயலில் நாற்றுமுடி சுமந்தவர், மகன் பேங்குப் பரீட்சை எழுதி வேலைக்குப் போனபோது ஊரிலேயே முதல் ஆளாக, கெட்டிக்காரப் பய என்று டீக்கடையில் சொன்னவரே பஞ்சநதம்தான். அவன் கெட்டிக்காரனாக இருக்கலாம், குந்தவை அவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லலாமா... பங்காளிகள் என்ன சொல்வார்கள், நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு எவன் வாசலேறுவான், அந்தப் பயம், பயம்தான், அதற்குக் கௌரவம் என்று பேர் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்று கத்தினார். போ, ஆனா ஒண்ணு, நீ வாழுற வீட்டு வாசல்ல என் வண்டி வந்து நிக்காது. அவள் அழவில்லை. சரிப்பா என்றாள், அவ்வளவுதான், ரெஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் முடிந்தது. இந்தப் பங்காளிகளில் ஒருத்தனாவது ஒரு வாய்ச் சோறு தின்றாயா என்று கேட்டானா, அவள் போன பிறகு? வாசலில் நிற்காது என்று வீறாப்புப் பேசிய வண்டி வாராவாரம் எதிர்ச்சாரியில் போய்ப் பிச்சைக்காரன் கணக்காக நின்றது. பேத்தி பிறந்த சேதிகூடப் பூவம்மாள் போனில் குரலைத் தாழ்த்திப் பேசியதிலிருந்து ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். எழில்மொழியாம். நல்ல பெயர். ஒருநாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பக்கத்து வயலில் அறுவடை மெஷின் இறங்கியது. அட, இதை யோசிக்கவே இல்லையே, தை மாசத்தில் எவனாவது வெளியில் வைத்துப் பெயிண்ட் அடிப்பானா... பதரும் சுணையும் காற்றில் எழும்பி வந்து ஈரப்பெயிண்டில் அப்பிக்கொண்டது. ஒட்டட்டும், எது வேண்டுமானாலும் ஒட்டட்டும், நாளைக்குச் செவ்வாய். கூரை, பானெட், டிக்கி எல்லாம் காய்ந்துவிட்டது, இந்தப் பின்கதவு முடிந்தால் டிரைவர் பக்கத்துக் கதவு ஒன்றுதான் பாக்கி. பையும் கையுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பூவம்மாள் படலைத் திறந்து, "யாரு வந்திருக்காங்க, யாரு வண்டி இது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இவருக்கு ஒரு நொடி கொண்டாட்டமாக இருந்தது, முப்பது வருஷம் கூட இருந்தவளுக்கே அடையாளம் தெரியவில்லை! சுற்றி வந்தவள் அந்த ஒற்றைப் பச்சைக் கதவைப் பார்த்தாள். பையைக் கீழே போட்டாள். "அடப்பாவி மனுசா... என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?" வெயிலுக்கு, என்று ஆரம்பித்தார். "வெயிலாம் வெயிலு! செவ்வாக்கெழம செவ்வாக்கெழம உரம் வாங்க நம்மகிட்ட என்ன நூறு ஏக்கராவா இருக்கு? எனக்கும் தெரியும், அவளுக்கும் மொத நாள்லேருந்தே தெரியும். செவ்வாக்கெழமன்னா காலைலயே புள்ளயக் குளிப்பாட்டி ஜன்னல்ல தூக்கி வச்சிக்கிட்டு, தாத்தா பாரு, தாத்தா பாருன்னு வண்டியக் காட்டிக்கிட்டு நிப்பாளாங்க." ரோலரிலிருந்து பெயிண்ட் இவர் காலில் சொட்டியது. "கதவச் சாத்தினாளே..." என்றார். "தெரு நாயி உள்ள பூந்துரும்னு சாத்திட்டு ஓடியிருக்கா. அப்பா என்னைய நேருக்கு நேரா பாத்துட்டாரும்மா, இன்னைக்கு எறங்கிடுவாருன்னு நெனச்சேன்னு சொன்னா. அன்னைக்குப் பாத்துப் புள்ள தூங்கிருச்சு. அடுப்புல பால வச்சிட்டு, புள்ளய எழுப்பித் தூக்கிக்கிட்டு வந்து பாத்தா வண்டி இல்ல. பாலு பொங்கி வழிஞ்சதுதான் மிச்சம்னு நேத்து போன்ல அப்படி அழுவுறா." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் புள்ளைக்கு என்னாங்க தெரியும்? பச்சையா எது போனாலும் தாத்தாங்குதாம். காய்கறி வண்டி படுதாவப் பாத்து, தாத்தான்னு கைய நீட்டிச்சாம்."

படுதாவைப் பார்த்து... பஞ்சநதம் டர்பன்டைன் துணியை எடுத்துப் பின்கதவை அழுத்தித் துடைத்தார். வெள்ளை இழுவி இழுவிப் போயிற்று, அடியில் பச்சை தெரிந்தது, உப்புத்தாளில் இவர் கையாலேயே தேய்த்து உயிரை எடுத்த பச்சை, மங்கி, செத்து. மற்றதெல்லாம் நேற்றே காய்ந்து இறுகிவிட்டது, துடைத்தால் போகாது. இந்தப் பச்சை இப்போது கடையில் கிடைக்குமா, யாரும் வாங்காத கலராயிற்றே... "துடைக்காதீங்க, விடுங்க" என்றாள் பூவம்மாள். விட்டார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தேன், என் முகத்தை அந்தக் குழந்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே, அதற்குத் தாத்தா என்றால் ஒரு கலர், அவ்வளவுதான், அந்தத் தாத்தாவின் மேல்தான் நேற்றிலிருந்து உட்கார்ந்து வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்குப் போய் மரத்தடியில் நின்றால் பத்தோடு பதினொன்று. ஜன்னலிலிருந்து குந்தவை ரோட்டைப் பார்ப்பாள், பச்சையைத் தேடுவாள், அப்பா வரவில்லை என்று குழந்தையை இறக்கிவிடுவாள், நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். இனி வண்டியைப் பார்த்து யாருக்கும் எதுவும் தெரியாது, இறங்கினால்தான் தெரியும். டிரைவர் பக்கத்துக் கதவு மட்டும் வெயிலில் பச்சையாக நின்றது. தாராசுரத்தில் இத்தனை செவ்வாய்க்கிழமையில் ஒரு தடவைகூட இவர் திறக்காத கதவு. கைப்பிடியில் ஒட்டியிருந்த பேப்பரை மெல்லப் பிய்த்தார், பெயிண்ட் கையோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். சரி, திறந்து இறங்கிவிட்டேன் என்றே வைத்துக்கொள், ரோட்டைத் தாண்டி வாசலுக்கும் போய்விட்டேன், அந்தக் குழந்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இது யாரும்மா என்று கேட்டால், குந்தவை என்ன சொல்வாள்...