நனையாத மணி

அருணா ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் இல்லை, யாரோடும் சண்டை இல்லை. பாறையில் சாமை காய்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். அப்பா கோபாலும் அம்மா மாதம்மாளும் கீழ்ச்சரிவில் மீதிக் கதிரை அறுக்கப் போனால், மழை வரும்போது தார்ப்பாயை இழுத்து மூட ஒருவர் பாறையில் உட்கார வேண்டும். ஏழாம் வகுப்புப் பெண்ணைவிட அதற்குத் தோதான ஆள் அந்த வீட்டில் கிடையாது.

அறுவடை முடியும் வரைதான் என்று நிற்கிற பெண்கள் திரும்பி வருவதில்லை. அறிவியல் நடத்தும் மஞ்சுளா டீச்சருக்கு அது தெரியும். ஜமுனாமரத்தூரில் அறை எடுத்துத் தங்கி இந்த மலைப்பள்ளிக்கு வரத் தொடங்கியதிலிருந்து அப்படிப் போனவர்களை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தாள். அருணா விஷயத்தில் முடியவில்லை. மழைமணியைச் செய்தவளே அவள்தான்.

செய்முறை வகுப்பில் செய்தது. துணி மாட்டும் கிளிப், அதன் இரண்டு வாயிலும் ஒயர், நடுவில் ஒரு சர்க்கரைக் கட்டி. மழை பட்டால் கட்டி கரையும், கிளிப் வாய் மூடும், ஒயர்கள் தொட்டு பஸ்ஸர் அலறும். மஞ்சுளா அதைத் தூக்கிக்கொண்டு கோபால் வீட்டுக்குப் போனாள். கிளிப்பைப் பாறையில் ஒரு குச்சியில் கட்டி, அறுப்பு நடக்கும் நிலம் வரை ஒயர் இழுத்து பஸ்ஸரை மாட்டினார்கள்.

முதல் நாளே வெட்டவெயிலில் மணி அடித்தது. சர்க்கரையை எறும்பு தின்றிருந்தது.

"இன்னா டீச்சர், எறும்பு மழ பெய்யுதுன்னு ரெண்டு பேரும் அரிவாளப் போட்டுட்டு ஓடியாந்தோம்" என்று கோபால் சிரித்தார்.

"உனுக்குத் தொப்ப கொறஞ்சிதில்ல, அதுக்கு டீச்சருக்கு நன்றி சொல்லு" என்றாள் மாதம்மாள்.

அருணா சர்க்கரைக்குப் பதில் காய்ச்சல் மாத்திரை வைத்தாள். எறும்பு அண்டவில்லை. ஒரு செம்புத் தண்ணீரை மேலே தெளித்ததும் மாத்திரை கரைந்து மணி அடித்தது. கோபால் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, இஸ்கூலுக்குப் போவட்டும். ஆனா ஒண்ணு டீச்சர். இந்தச் சாமை வூடு வந்து சேரலைனா நாங்க காபித் தோட்டத்துக்குத்தான் போவணும். அப்ப இவளயும் கூட்டிக்கினுதான் போவோம்."

"மணி அடிக்கும்ணா" என்றாள் மஞ்சுளா.

கிளம்பும்போது, சாமானுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று தலைமை ஆசிரியர் ராஜேந்திரன் சொன்னது ஞாபகம் வந்தது. அவர் பள்ளியில் நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்க விடாதவர். அரசு அனுப்பிய அறிவியல் சாமான்கள் பீரோவில் கவரோடு தூங்கின. பஸ்ஸரை வெளியே எடுக்கவே மஞ்சுளா கெஞ்ச வேண்டியிருந்தது. அதனால் மாதம்மாளிடம் சொல்லி வைத்தாள்.

"இது கவர்மெண்ட் சாமான்க்கா. பத்திரம். எதுனா ஆச்சினா ஹெச்.எம். என்னத்தான் திட்டுவாரு."

"நீ போ டீச்சர், நான் பாத்துக்கிறேன்."

அருணா மறுபடி வந்தாள். காலையில் புது மாத்திரை வைத்துவிட்டு ஓடி வருவாள். நாலாவது நாள் மதியம் ஜன்னல் பக்கம் இருட்டியது. அருணா எழுந்து நின்றாள்.

"டீச்சர், நான் போய்ட்டு வர்றேன்."

"எதுக்கு? நீ செஞ்ச மணி மேல ஒனக்கே நம்பிக்க இல்லியா? ஒக்காரு."

வகுப்பு சிரித்தது. அருணா உட்கார்ந்தாள். பாடம் முடியும் வரை தலையைச் சாய்த்து எதையோ கேட்டபடி இருந்தாள். அவ்வளவு தூரத்துக்கு அந்தச் சத்தம் வராது என்று அவளுக்கும் தெரியும்.

மழை மேல்முகட்டில் பிடித்து ஒரே மூச்சாக இறங்கியது. பள்ளி விட்டதும் இருவரும் ஒரே குடையில் நடந்தார்கள். பாதி வழியில் அருணா குடையை விட்டு ஓடினாள்.

பாறை கழுவி விட்டதுபோல் இருந்தது. சாமை வெடிப்புகளில் அப்பியும், சரிவில் வழிந்து செம்மண் சேற்றோடு கலந்தும் கிடந்தது. கோபால் குந்தி உட்கார்ந்து கையால் கூட்டிக்கொண்டிருந்தார். விரலிடுக்கில் சேறுதான் வந்தது. கீழே மழை எட்டும்போது இங்கே எல்லாம் போய்விட்டிருந்தது.

மாதம்மாள் குச்சியிலிருந்து எதையோ அவிழ்த்துக்கொண்டு வந்தாள். பாலிதீன் கவர். வாயைச் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தாள். உள்ளே கிளிப். அதன் வாயில் வெள்ளை வெளேரென்று முழு மாத்திரை.

"சாமைய கிளறிவுட வந்தப்ப வானம் மூடறமாதிரி இருந்துச்சி. சாமைக்குத்தான் மணி இருக்குதே, இது நனஞ்சா டீச்சரத் திட்டுவாங்களேன்னு கட்டி வெச்சேன். பாரு, ஒரு சொட்டு படல" என்றாள். "ஆனா மணிதான் அடிக்கவேயில்ல டீச்சர். ஏன்?"

மஞ்சுளா வாயைத் திறந்தாள். அருணா முந்திக்கொண்டாள்.

"ஒயரு எங்கியோ அந்துபோச்சிம்மா. எலி கடிச்சிருக்கும்."

அவள் கவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. டீச்சரையும் பார்க்கவில்லை.

"ஆமாக்கா" என்றாள் மஞ்சுளா. "எலியாத்தான் இருக்கும்."

"மிஷின் மேல தப்பு சொல்ல முடியாது" என்றார் கோபால் எழுந்திருக்காமல். "எங்க நேரம்."

அடுத்த வாரம் ஊரிலிருந்து மூன்று குடும்பங்கள் காபித் தோட்டத்துக்கு வண்டி ஏறின. அருணா வகுப்புக்கு வந்து சொல்லிக்கொள்ளவில்லை. மஞ்சுளா வழியனுப்பப் போகவில்லை.

பஸ்ஸரையும் கிளிப்பையும் அதே கவரோடு ராஜேந்திரன் மேசையில் வைத்தாள். அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரவால்லயே டீச்சர், புதுசு மாதிரியே இருக்குது. யாரோ பொறுப்பா வெச்சிருந்திருக்காங்க."

கவரைப் பிரிக்காமல் அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டினார்.