ஜெகனின் பதக்கங்கள்

வேனின் கதவு முதல் முறை சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை. அந்தோணிமேரி அதைத் திறந்து, வெளியே தொங்கிய அனிதாவின் புடவைத் தலைப்பை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, மறுபடியும் ஓங்கிச் சாத்தினாள்.

“போங்க பொன்னுரங்கம்.”

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி. சிதம்பரத்தில் விடியற்காலையில் தொடங்கிய அரை மாரத்தான் ஓட்டத்தில், பதினாறாவது கிலோமீட்டரில், புவனகிரிச் சாலையில் ஒருவர் விழுந்து இறந்துபோயிருந்தார். நெஞ்சில் குத்தியிருந்த எண் துணியின் பின்பக்கத்தில் பெயர், ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண் மூன்றும் அச்சிடப்பட்டிருந்தன. பெயர் ஆரோக்கிய ஜெகன். தொலைபேசி எண் அவன் மனைவி அனிதாவினுடையது.

ஜெகன் அந்தோணிமேரியின் ஒரே தம்பி. முப்பத்தெட்டு வயது. அவள் இன்னும் அழவில்லை. கடலூரில் ஒரு நடுநிலைப்பள்ளிக்குத் தலைமையாசிரியையாக இருப்பவள். எதற்கும் ஒரு வரிசை உண்டு என்று நம்புகிறவள். ஜெகனின் எண்ணுக்கு நான்கு முறை அழைத்துப் பார்த்தாயிற்று, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பங்குச் சாமியாருக்குச் சொல்லியாயிற்று. அனிதாவின் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டாயிற்று. துக்கம் கேட்டு அழைப்பவர்களுக்குப் பதில் சொல்ல அனிதாவால் இயலாது என்பதால், அவளுடைய கைப்பேசியையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாயிற்று. மிச்சமிருந்தது, கணவருக்குச் சொல்வது ஒன்றுதான்.

சகாயநாதன் சிதம்பரத்தில்தான் இருந்தார். அங்கே ஓர் அமெச்சூர் இசை நாடகக் குழுவில் அவர் ராஜபார்ட். சனிக்கிழமை மாலை போனால் இரவெல்லாம் ஒத்திகை பார்த்துவிட்டு, ஞாயிறு மதியம் தொண்டை கட்டிய நிலையில் திரும்புவார். ஒத்திகையின்போது கைப்பேசியை அணைத்துவிட வேண்டும் என்பது குழுவின் சட்டம். ஆகவே அவள் குழுத் தலைவர் தில்லைநாதனை அழைத்தாள். மறுமுனையில் ஆர்மோனியம் கேட்டது.

“சார், நான் சகாயத்தோட வொய்ஃபு பேசறேன். அவர கூப்புடுங்க.”

“அவுரு மேடையில நிக்கிறாரும்மா. தர்பார் பாட்டு ஓடுது. பாதியில நிறுத்துனா சுருதி போயிடும்.”

“என் தம்பி செத்துட்டான் சார்.”

ஆர்மோனியம் நின்றது.

“ஐயையோ. எந்தத் தம்பிம்மா?”

“எனக்கு ஒரே தம்பி. அங்கதான், சிதம்பரத்துல, இன்னிக்கி ஓட்டப் பந்தயத்துல. ஆஸ்பத்திரிக்குப் போயிகிட்டிருக்கோம். அவர அங்க வரச் சொல்லுங்க.”

“சரிம்மா. வந்ததும் அனுப்பி வைக்கிறேன்.”

“வந்ததும்னா?”

“மேடையிலேர்ந்து எறங்கி வந்ததும்,” என்றார் தில்லைநாதன். சற்றுத் தாமதித்தே சொன்னார்.

வேன் ஆலப்பாக்கத்தைத் தாண்டியது. பிறகு அனிதா முனகத் தொடங்கினாள். காலையில் அவனுக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தாளாம். ஒன்று போதும் என்றானாம். இன்னொன்றையும் தின்ன வைத்தாளாம்.

அந்தோணிமேரி சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்: “நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.”

“அண்ணி…”

“எங்க ஊட்டுக்காரருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சப்ப டாக்டர் இன்னா சொன்னாரு? நடக்கலாம், ஓடக் கூடாதுன்னாரு. அன்னிக்கே ஷூவக் கொளுத்துனேன். மூணு நாளு சாப்புடாம கெடந்தாரு. கெடக்கட்டும்னு உட்டேன். ஓட்டமா, பாட்டா, ஒண்ணு வெச்சிக்கங்க, ஒண்ண உட்ருங்கன்னேன். உட்டாரு. இன்னிக்கி உசுரோட நின்னு பாடிகிட்டிருக்காரு. எங்க குடும்பத்து நெஞ்சும் லேசுப்பட்டதில்ல. எங்கப்பா நாப்பத்தஞ்சுல போனாரு. தெரியுமில்ல ஒனக்கு? நீ இன்னா பண்ண? ஷோகேஸ் வாங்கி மெடல அடுக்குன.”

அனிதா முகத்தைத் தூக்கினாள். “ஓட ஆரம்பிச்சப்பறந்தான் அண்ணி அவுரு குடிய உட்டாரு. பந்தயத்துக்கு மொத நாளு ஒம்போது மணிக்கே படுத்துடுவாரு. ஒரு வருசமா ஊட்டுல நாத்தம் இல்ல. அதுக்காவத்தான்…”

“குடிச்சிருந்தாக்கூட இருந்திருப்பான்.”

பொன்னுரங்கம் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். “உடுங்க டீச்சரம்மா,” என்றார். அவள் விட்டுவிட்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தாள்.

மருத்துவமனையின் பின்புறம், சவக்கிடங்குக்கு எதிரே, தகரக் கூரையின் கீழ் இரண்டு சிமெண்ட் பெஞ்சுகள் இருந்தன. சகாயநாதன் இன்னும் வந்திருக்கவில்லை. பாட்டு அவ்வளவு நீளமா என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அனிதா முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளே வர அவளால் முடியாது என்பதை வாசலில் நின்ற போலீஸ் ஏட்டு தாமே புரிந்துகொண்டார்.

“நீங்க யாரும்மா?”

“அக்கா.”

“அப்ப நீங்க வாங்க. பாத்துட்டு ஆமான்னு சொன்னாப் போதும்.” நடந்துகொண்டே சேர்த்துக்கொண்டார்: “முப்பத்தெட்டுன்னு குடுத்திருக்காங்க. மொகத்தப் பாத்தா ஜாஸ்தியாத் தெரியுது. ஓடி ஓடி வத்திட்டாரு போல.”

உள்ளே பினாயில் வாடை. ஊழியர் துணியைக் கழுத்து வரை விலக்கினார்.

முதலில் அவள் கண்ணில் பட்டது மீசை. ராஜபார்ட்டுக்காக மூன்று மாதம் வளர்த்து, மெழுகு தடவி, இரு நுனிகளையும் மேல்நோக்கி முறுக்கிய மீசை. வியர்வையிலும் அது கலையவில்லை. வாய் சற்றே திறந்திருந்தது. உச்சத்தில் ஒரு சுவரத்தைப் பிடிக்கும்போது அவருடைய வாய் அப்படித்தான் திறக்கும். அருகே, நெகிழி உறைக்குள், எண் துணி. அதில் அவளுடைய தம்பியின் பெயர்.

அந்தோணிமேரி நன்றாகப் பார்த்தாள். அவசரப்படாமல், ஒரு விடைத்தாளைத் திருத்துவதுபோல், நெற்றியிலிருந்து தாடை வரை பார்த்தாள். காதோரத்துக்கு நேற்று மாலை அவளே சாயம் பூசிவிட்டிருந்தாள். “ராசாவுக்கு நரைக்கக் கூடாது,” என்று சிரித்துக்கொண்டே காதை அவளிடம் கொடுத்துவிட்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

“ஒங்க தம்பிதானம்மா?”

“ஆமா,” என்றாள்.

அந்தச் சொல்லை அவள் தீர்மானித்துச் சொல்லவில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் அதைத் திரும்பப் பெறவும் இல்லை. வெளியே ஏட்டு நீட்டிய தாளில், ‘உறவுமுறை’ என்ற கட்டத்தில் ‘அக்கா’ என்று எழுதினாள். கையெழுத்திட்டாள். அந்தத் தாளின்படி சகாயநாதன் இன்னும் மேடையில் நின்றுகொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் வருவார்.

பெஞ்சில் அனிதாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அனிதா அந்தோணிமேரியின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் மடியில் சரிந்தாள். வேனில் வந்த முனகல் அல்ல இது. வயிற்றின் அடியிலிருந்து புறப்பட்ட குரல். அடுத்த பெஞ்சில் வேறொரு சாவுக்காகக் காத்திருந்த பெண்கள்கூடத் தங்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தோணிமேரி அவளுடைய முதுகில் கையை வைத்துக்கொண்டாள். அந்த அழுகையை நிறுத்த அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொன்னால் அழ வேண்டியவள் மாறிவிடுவாள். இன்னும் கொஞ்ச நேரம் இவளே அழட்டும் என்று இருந்தாள். தகரத்தில் ஒரு காகம் நடந்தது. அது நடந்து முடியட்டும் என்று இருந்தாள். அது பறந்துபோன பிறகும் இருந்தாள்.

அப்போது பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. அனிதாவுடைய கைப்பேசி. திரையில் ஜெகனின் படம். கழுத்தில் பதக்கத்தோடு சிரித்தான்.

அவள் எழுந்து, குழாயடிப் பக்கம் போய், காதில் வைத்தாள்.

“அனி, முடிச்சிட்டன்டி,” என்றான் ஜெகன். “ரெண்டு மணி நேரத்துக்கு ரெண்டு நிமிசம் கம்மி. காலுதான் கெஞ்சுது. மெடலு இந்த வாட்டி பெருசுடி. பசங்களோட சாப்ட்டு, கொஞ்சம் படுத்து எந்திரிச்சி, சாயங்காலம் வரேன்.” அவன் பின்னால் கண்ணாடித் தம்ளர்கள் மோதின. யாரோ, “ஓட்டக்காரா, ஐசு தீந்துபோச்சு,” என்று சிரித்தார்கள்.

“ஜெகன்.”

தம்ளரை அவன் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“அக்கா? நீ… அனிதா எங்க?”

“எங்க இருக்க?”

“சிதம்பரத்துலதான் அக்கா…”

“எங்க இருக்க?”

“பாண்டியில.”

“ஒன் நம்பர யாரு குத்திகினு ஓடுனது?”

“மாமாதான் அக்கா கேட்டாரு. அவுரு பேருல பதிஞ்சா ஒனக்குத் தெரிஞ்சிடும்னாரு. சனிக்கெழமையே நான் போயி ஆதாரக் காட்டி நம்பர வாங்கி, ஒத்திகைல குடுத்துட்டு வந்துடுவேன். அவுரு ஓடிட்டு மெடல எங்கிட்ட குடுத்துடுவாரு. எனக்கும் ஒரு நாளு… ஊட்ல சந்தேகப்பட மாட்டாங்கன்னு… அக்கா, மாமாவத் திட்டாத. பாட்டவிட ஓட்டந்தான் அவருக்கு உசுரு. நீ உட மாட்டேன்னுதான்.”

“எத்தன வாட்டி?”

“இன்னியோட பத்து. அக்கா, நீ எப்படி அனிதா போன்ல…”

அவள் அவனுக்குச் சொல்லவில்லை. கைப்பேசியைக் காதிலிருந்து இறக்கி, அணைக்காமல், கையில் பிடித்தபடி நின்றாள். சிவப்புப் பொத்தானின் மேல் அவள் கட்டை விரல் இருந்தது. ஜெகன் உள்ளிருந்து “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பெஞ்சில் அனிதா, தன்னைத் தேற்ற வந்த யாரோ ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “நாந்தான் கொன்னேன். எங்க அண்ணி படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. அவுங்க ஊட்டுக்காரர ஓட உடாம நிறுத்தி உசுரக் காப்பாத்திட்டாங்க. எனக்கு அந்தப் புத்தி இல்லாமப் போச்சே.”

அந்தோணிமேரி அவள் முன்னே போய் நின்றாள். அந்த வாக்கியங்களை மேலும் இரண்டு முறை முழுதாகக் கேட்டாள். பிறகு கைப்பேசியை நீட்டினாள்.

“யாரு அண்ணி?”

“பேசு.”

“எனக்கு முடியல அண்ணி.”

“பேசு,” என்று சொல்லி, அதை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, ஏட்டின் மேசைக்கு நடந்தாள்.

முதுகுக்குப் பின்னால், ஒரு பாத்திரம் கை தவறி விழுந்ததுபோல், அனிதாவின் கூச்சல்.

“அந்தத் தாளக் குடுங்க,” என்றாள் அந்தோணிமேரி. “தப்பா எழுதிட்டேன்.”

“அடிச்சுத் திருத்தக் கூடாதும்மா. இன்னா தப்பு?”

“அது என் தம்பி இல்ல.”

ஏட்டு அவளையும், அவளுக்கு அப்பால் பெஞ்சையும் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து, புதிய படிவம் ஒன்றை எடுத்து, மேசையில் வைத்து நீவினார். மூடியைக் கழற்றிப் பேனாவையும் பக்கத்தில் வைத்தார்.

“குடிச்சியா? நாயே, குடிச்சியா சொல்லு,” அனிதா கத்திக்கொண்டிருந்தாள். “ஒரு வருசமா என்ன ஏமாத்துன இல்ல? ஊட்டுக்கு வா. வாசல்லயே நிக்க வெக்கிறேன். வெளக்குமாத்தாலயே அடிக்கிறேன் பாரு. சோறு கெடையாது. ஒனக்குச் சோறே கெடையாது. நாதாரி, எங்க இருக்க நீ, வண்டிய ஓட்டாத, குடிச்சிட்டு வண்டிய ஓட்டாத, அங்கியே இரு…” குரல் உடைந்தது; மறுபடி முதலிலிருந்து திட்டத் தொடங்கினாள்.

“எறந்தவரு பேரு சொல்லுங்கம்மா,” என்றார் ஏட்டு.

“கொஞ்சம் இருங்க,” என்றாள் அந்தோணிமேரி.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மனைவி தன் கணவனைத் திட்டுவதைக் கேட்டபடி நின்றாள்.