எட்டாவது ஓட்டை

தமீம் அன்சாரி சவூதியில், தம்மாமில் பதினான்கு வருஷம் இரும்பு யார்டில் வேலை பார்த்தவன். திருமலைராயன்பட்டினத்துக்கு ஒரேயடியாகத் திரும்பியபோது அவன் கொண்டுவந்த பெரிய சாமான் ஒரு மேக்னட் டிரில். மரப்பெட்டிக்குள் வைத்து ஆணியடித்துக் கப்பலில் அனுப்பியிருந்தான். இருபத்துமூன்று கிலோ. அடியில் காந்தம், மேலே மோட்டார், அதில் கட்டர். காந்த சுவிட்சைப் போட்டால் இரும்பில் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். இரண்டு ஆள் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. விரல் கனத் தகட்டை வாழைத்தண்டு மாதிரி துளைத்துக்கொண்டு போகும்.

வீட்டுக் கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு வேலையை ஆரம்பித்தான். கூட நின்றவன் பாலகுரு. விழிதியூர்க்காரன், அதே யார்டில் வெல்டராக இருந்தவன். இரண்டு பேரும் அங்கே ஒரே அறையில் ஆறு வருஷம் மேல்கட்டில் கீழ்க்கட்டிலாகப் படுத்தவர்கள். பாலகுரு அவனை பாய் என்பான். யாராவது தெரியாமல் தமீமை முதலாளி என்று சொல்லிவிட்டால் அன்று முழுக்க பாலகுரு அதைச் சொல்லியே ஓட்டுவான்.

அந்த மெஷினில் ஒரு விஷயம் உண்டு. காந்தத்துக்கு உயிர் கரண்ட்தான். கரண்ட் நின்றால் பிடியை விட்டுவிடும். படுக்கவைத்த பீமின் மேல் உட்கார்த்தி ஓட்டை போடும்போது பயமில்லை. பிடி விட்டாலும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். நிற்கிற தூணில் பக்கவாட்டில் ஒட்டவைக்கும்போதுதான் ஆபத்து. அதற்காக மெஷினோடு ஒரு சங்கிலி வரும். தூணைச் சுற்றி இழுத்து மாட்டிவிட்டால், கரண்ட் போனாலும் மெஷின் தொங்குமே தவிர விழாது. யார்டில் சங்கிலி மாட்டாமல் தூணில் டிரில் போட்டவனை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கொட்டகைக்கும் வீட்டுக்கும் ஒரே லைன். தனி லைன் இழுக்க வேண்டும் என்று தமீம் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். டிரில்லும் தண்ணீர் மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் டிரிப் ஆகிக் கரண்ட் நின்றுவிடும். அதனால் மெஷினைத் தொடுவதற்கு முன் அடுப்படிப் பக்கம் பார்த்து, “நுஸ்ரத், மெஷின் போடுறேன்” என்று குரல் கொடுப்பான். அவன் மனைவி நுஸ்ரத் உள்ளிருந்து “சரிங்க” என்பாள். பிறகு அவன் வந்து சொல்கிறவரை மோட்டாரைத் தொடமாட்டாள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. பூவத்தில் கட்டுகிற நெல் கிடங்குக்கான தூண்கள். லாரியில் ஏற்றுவதற்கு முன் பொருத்திப் பார்த்துவிடலாம் என்று இரண்டு தூணைக் கொல்லையிலேயே நிமிர்த்தி, மேலே பீமை ஏற்றினார்கள். ஏழு போல்ட் சரியாக உட்கார்ந்தது. எட்டாவது ஓட்டை அரை விரல் தள்ளி இருந்தது. அடித்தவன் தமீம்தான். தூணை இறக்காமல், நின்ற வாக்கிலேயே வேறு ஓட்டை போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அதற்குள் டீ வந்தது. குடித்தார்கள். அரைமணி நேரம் கொல்லையில் சத்தமில்லை.

தமீம் ஏணியில் ஏறினான். பாலகுரு மெஷினைத் தூக்கிக் கொடுத்தான். தமீம் அதைத் தூணில் ஒட்டவைத்துக் காந்தத்தைப் போட்டான். பாலகுரு அடிப்பக்க போல்ட்டை முறுக்க ஸ்பானரை எடுத்துக்கொண்டு குனிந்தவன், தலையை நிமிர்த்திப் பார்த்தான்.

“சங்கிலி, பாய்?”

“ஒரு ஓட்டைதானே குரு. ரெண்டு நிமிஷம்.”

பாலகுரு மறுபடி கேட்கவில்லை. தூணின் அடியில் குந்தி உட்கார்ந்து போல்ட்டை முறுக்க ஆரம்பித்தான்.

வீட்டுக்குள் டேங்க் காலியாகியிருந்தது. சத்தமில்லையே, வேலை முடிந்துவிட்டது போல என்று நினைத்து நுஸ்ரத் மோட்டார் சுவிட்சைப் போட்டாள். தமீம் டிரில்லை ஓடவிட்டதும் அதே நொடி. டப்பென்று எல்லாம் நின்றது. கட்டர் இன்னும் இரும்புக்குள் இறங்கியிருக்கவில்லை. பிடித்து நிறுத்த ஒன்றுமில்லாமல் மெஷின் தமீமின் கையை உரசிக்கொண்டு கீழே போனது. குனிந்திருந்த பாலகுருவின் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவில் விழுந்தது.

அவன் கத்தக்கூட இல்லை. குப்புற விழுந்தவன், தரையில் கன்னத்தை வைத்தபடி, “பாய், என் காலு எங்க இருக்கு பாருங்க” என்றான்.

காரைக்காலில் பார்த்துவிட்டுப் பாண்டிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பாண்டியில் ஆபரேஷன் நடந்தது. நெஞ்சுக்குக் கீழே உணர்வு திரும்பாது என்று மூன்றாம் நாள் டாக்டர் சொன்னார். பாலகுருவின் மனைவி விஷ்ணுப்ரியா அதைக் கேட்டுவிட்டுத் தமீமிடம் வந்தாள்.

“என்னண்ணே ஆச்சு? எப்புடி விழுந்துச்சு?”

“கரண்ட் டிரிப் ஆயிடுச்சும்மா.”

அது பொய் இல்லை. அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அதற்குள் பக்கத்தில் நின்ற நுஸ்ரத், “நான்தான் பிரியா. நான்தான் மோட்டார் போட்டேன். எட்டிப் பாக்காம போட்டுட்டேன்” என்று விஷ்ணுப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விஷ்ணுப்ரியா கையை உருவிக்கொண்டாள்.

தமீம் அப்போது பேசியிருக்கலாம். பேசவில்லை. ‘இப்போது வேண்டாம், அப்புறம்’ என்று நினைத்தான். அந்த அப்புறம் மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. நாள் போகப்போக, சங்கிலி மாட்டாததைச் சொல்வதைவிட இத்தனை நாள் சொல்லாததைச் சொல்வது கஷ்டமாகிவிட்டது.

பாலகுருவை விழிதியூருக்குக் கொண்டுவந்த பிறகு நுஸ்ரத் பார்க்கப் போனாள். விஷ்ணுப்ரியா வாசலிலேயே மறித்துக்கொண்டாள். “எதுக்குக்கா வந்தீங்க? இன்னும் கையி பாக்கி இருக்கே, அதையும் எடுத்துட்டுப் போகவா?” தெருவே நின்று கேட்டது. நுஸ்ரத் அப்படியே திரும்பி வந்தாள். அன்றிலிருந்து மோட்டார் சுவிட்சை அவள் தொடவில்லை. வீட்டில் குழாய் இருக்கத் தெருக்குழாயில் நின்று குடம் குடமாகச் சுமந்தாள். பாதி சோற்றில் கையைக் கழுவினாள். தொழுது முடித்துப் பாயை மடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். தமீம் அதைப் பார்த்துக்கொண்டே வெளியே போவான், பார்த்துக்கொண்டே உள்ளே வருவான்.

விபத்து நடந்து ஐம்பத்தெட்டாம் நாள், விஷ்ணுப்ரியா கடைக்குப் போயிருந்த நேரத்தில், பார்க்க வந்திருந்த தமீமிடம் பாலகுரு கேட்டான்.

“பாய், சங்கிலி போடலன்னு வீட்ல சொன்னீங்களா?”

தமீம் அவன் தலைமாட்டில் இருந்த தண்ணீர் சொம்பையே பார்த்தான். “இல்ல.”

“அக்காவ பிரியா என்ன சொன்னான்னு தெரியும்ல?”

“தெரியும்.”

“நானும் யார்ட்டயும் சொல்லல. நீங்க சொல்லுவீங்க, நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருக்கேன். எனக்கு வேற என்ன வேலை?” பாலகுரு கண்ணை மூடிக்கொண்டான். “விழுந்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல பாய். நானும் கேட்டுட்டு உக்காந்தவன்தான். ஆனா அந்தப் பொம்பளை என்ன செஞ்சுச்சு?”

தமீம் வீட்டுக்கு வந்தபோது நுஸ்ரத் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்படி ஏறிக்கொண்டிருந்தாள். அவன் குடத்தை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டான். சங்கிலி மாட்டவில்லை, பாலகுரு கேட்டான், ஒரு ஓட்டைதானே என்று நான்தான் சொன்னேன், மறுபடி மெஷின் போடப்போகிறேன் என்று உனக்குக் குரல் கொடுக்கவும் இல்லை.

நுஸ்ரத் குடத்தை இறக்கினாள்.

“இது உங்களுக்கு எப்ப தெரியும்?”

“அன்னைக்கே.”

“ஆஸ்பத்திரில நான் அழுதேனே, அப்ப?”

“தெரியும்.”

“அவ வாசல்ல நிக்கவச்சு என்னைக் கேட்டாளே, வந்து உங்ககிட்ட சொன்னேனே, அப்பவும் தெரியும்.”

அவன் தலையாட்டினான்.

“யா அல்லாஹ், ஒரு மனுசனோட கால எடுத்துட்டேனேன்னு அஞ்சு வேளையும் தௌபா செஞ்சு மன்னிப்புக் கேட்டேன். நீங்க கட்டில்ல உக்காந்து அதப் பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

“ஒம்மேல தப்பே இல்ல நுஸ்ரத். சங்கிலி மட்டும் இருந்திருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது.”

“நீங்க சொன்னா ஆச்சா?” அவள் வலது கையை விரித்துப் பார்த்தாள். “சுவிட்சப் போட்டது இந்த விரலுதானே? இது இல்லேன்னு ஆயிடுமா? எனக்கு இதோடயே இருந்து பழகிப்போச்சு. இப்ப வந்து வேணாம்னா நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

அவள் சண்டை போட்டிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். போடவில்லை. மத்தியானம் லுஹர் தொழுதாள், அவனுக்குச் சோற்றை எடுத்துவைத்து மூடினாள், நான்கு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸில் நாகூருக்கு, அவள் உம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை தமீம் விழிதியூர் போனான். விஷ்ணுப்ரியா கிணற்றடியில் பாலகுருவின் விரிப்புத் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தவள், வேலையை விட்டிருந்தாள். நேற்றுச் சொன்னதையே அவளிடமும் சொன்னான். இந்த முறை வார்த்தைகள் தானாக வந்தன. ஒரு தடவை சொல்லிப் பழகியது போல வந்தது அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்து முடித்தாள்.

“நுஸ்ரத் அக்காவ நான் தெருவுல வச்சுப் பேசுனேன்” என்றாள். “அதுக்கு நான் என்ன செய்யணும்ணே? சொல்லுங்க.”

“நான்தான்மா... என்னை என்ன வேணும்னாலும் சொல்லு.”

“உங்கள என்ன சொல்றது? சொன்னா எந்திரிச்சு நடப்பாரா?” முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சொல்லிட்டா பாரம் எறங்கிரும்னு வந்தீங்க. எறங்குச்சா?”

பிழிந்த துணியை வாளிக்குள் போட்டாள்.

“பத்து மணியாச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அவரத் திருப்பிப் போடணும். இடுப்புல புண்ணு வந்துருச்சு. எனக்குத் தனியா முடியல. வந்து அந்தப் பக்கம் பிடிங்க.”

உள்ளே போனார்கள். பாலகுரு இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தான். தமீம் அவன் தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கையைக் கொடுத்தான். வெறும் எலும்பாக இருந்தது. விஷ்ணுப்ரியா கால்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “ம்” என்றாள். இருவரும் சேர்ந்து அவனைச் சுவர்ப் பக்கமாகப் புரட்டினார்கள். தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்தார்கள். பழுத்திருந்த புண்ணில் விஷ்ணுப்ரியா மருந்து வைத்தாள். பாலகுருவுக்கு அது தெரியவில்லை.

“ஆச்சா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டான்.

“ஆச்சு” என்றாள். பிறகு தமீமைப் பார்க்காமல், “அடுத்து பன்னெண்டு மணிக்கு” என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போனாள்.

இருக்கச் சொன்னாளா, போகச் சொன்னாளா என்று தமீமுக்குத் தெரியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். நாகூருக்கு ஒருமுறை போன் போட்டான். மணி அடித்து அடித்து நின்றது.