கரடியம்மா பாட்டு

மேனேஜர் அறைக்குள் போகுமுன் சுப்பராயலு செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். சினிமாக் கொட்டகை மேனேஜர் என்ன கோயில் குருக்களா என்று வெளியே நின்ற மச்சினன் பெரியதம்பி சிரித்தான். சிரிக்கட்டும். இருபத்தேழு பேரைத் திண்டிவனத்துக்குக் கூட்டிவந்து, மேட்னி ஆட்டம் காட்டி, பொழுது சாயுமுன் ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பு அவன் தலையிலா இருக்கிறது?

"சார், மயிலத்துக்கு அந்தாண்டேர்ந்து வந்துக்கிறோம். நாலே முக்கால் பஸ்ஸ உட்டா ஏழு மணிக்குத்தான். மாடு கறக்கணும். படத்த கொஞ்சம் ஜல்தியா உட்டுட்டீங்கன்னா புண்ணியமா போவும்" என்றார்.

மேனேஜர் துரைக்கண்ணு நல்ல மனுசன். இருபத்தேழு டிக்கெட் என்றால் யாருக்குத்தான் முகம் மலராது. அதெல்லாம் பார்த்துக்கொள்கிறேன், நிம்மதியாகப் போய் உட்காருங்கள் என்று சொல்லி, ஃபேனைக்கூட அவர் பக்கம் திருப்பிவிட்டார்.

வேலை முடிந்தது என்று சுப்பராயலு வெளியே வந்தார். சொந்தக்காரர்கள் யாருக்கும் விஷயம் தெரியாது. மல்லாட்டைக் கடலை பிடுங்கி முடித்த கையோடு, எல்லாரும் வாங்க, குடும்பத்தோடு பார்க்கிற கரடிப் படம் வந்திருக்கிறது, டிக்கெட் என்னுடையது என்று வீடு வீடாகப் போய் அழைத்தார். எள்ளு காய்கிற களத்தில் குருவி விரட்ட ஆள் வைத்துக்கூட காசு செலவு பண்ணாத மனுசனுக்கு என்ன வந்தது என்று ஊரே வாயைப் பிளந்தது. காரணம் அவர் பெண்டாட்டி வீரம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். படத்தில் வருகிற கரடியம்மாவுக்குப் பாட்டுப் பாடியிருப்பது அவருடைய தங்கை கிருஷ்ணவேணி.

நான்கு வருஷமாகிறது அவளோடு பேசி. அப்பா அம்மா போன பிறகு கேப்பைக் கூழும் கீரையுமாக அவர் வளர்த்த பெண். பங்குனி உத்திரத்துக்கு மயிலத்தில் நடந்த மெல்லிசைக் கச்சேரியில் மேடையேறி இரண்டு பாட்டுப் பாடிவிட்டாள். நன்றாகத்தான் பாடினாள். மறுநாள் விடிந்ததும் உறவுமுறை அத்தனையும் வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டது, பெரியதம்பி முதல் ஆளாக. பொட்டப் புள்ளையை மைக்கு முன்னால் நிறுத்திய குடும்பத்தில் இனி யார் சம்பந்தம் வைப்பார்கள் என்றார்கள். சுப்பராயலு அவர்களுக்குக் கேட்கவேண்டும் என்று, இன்னொரு தரம் மேடையேறினால் இந்த வீட்டில் சோறு கிடையாது என்று சத்தம் போட்டார். அவர்கள் காதுக்குச் சொன்னதை அவள் தன் காதில் வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் ஒரு பையோடு சென்னையிலிருக்கும் சின்னம்மா வீட்டுக்குப் போனவள்தான். சினிமாப் பாட்டுக்குக் கோரஸ் பாடினாள். அங்கேயே டோலக் வாசிக்கிற நடராசனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. அதை அவர் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தார், போகவில்லை.

போன மாதம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. வெளிநாட்டுப் பொம்மைப் படம், தமிழில் பேச்சும் பாட்டும் மாற்றியிருக்கிறார்கள், முதல் முதலாக எனக்கென்று ஒரு முழுப் பாட்டு, இடைவேளைக்குப் பிறகு பனி பெய்யும், குட்டி காய்ச்சலில் படுத்திருக்கும், அப்போது கரடியம்மா பாடுவது நான்தான் அண்ணா, ஒரு தடவை கேள் என்று எழுதியிருந்தாள். வீரம்மாள் அந்தக் கடிதத்தை எழுத்துக் கூட்டி அவர் காதுபட மூன்று தடவை வாசித்தாள். அப்புறம்தான் சுப்பராயலு கார்டு வாங்கிப் பதில் போட்டார். சனிக்கிழமை மேட்னிக்கு வா. விளக்கு அணைந்த பிறகு உள்ளே வந்து பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார். உன் பாட்டு முடிந்ததும் நான் எழுந்து நின்று, இது என் தங்கச்சி பாடியது என்று எல்லார் முன்னாலும் சொல்கிறேன்.

பாட்டு முடிந்ததும் என்று ஏன் எழுதினார்? ஜனங்கள் ரசித்தால் எழுந்திருக்கலாம், சிரித்தால் உட்கார்ந்தே இருந்துவிடலாம். எலி வளைக்கு இரண்டு வாசல் வைப்பது போல அவரும் ஒரு வாசல் வைத்துக்கொண்டார். அது அவருக்கே தெரிந்திருந்தது.

படம் ஆரம்பித்தது. கரடிக் குடும்பம் ஒன்று, அப்பா, அம்மா, மூன்று குட்டிகள், பனிக்காலத்துக்குள் ஒரு குகை தேடிப் போகின்றன. அவ்வளவுதான் கதை. பத்து நிமிஷம் ஆனதும் பெரியதம்பி, எப்ப மனுசன் வருவான் என்று கேட்டான். மனுசனே கிடையாது, பூரா பொம்மைதான் என்று தெரிந்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. சண்டை இருக்கா? கிடையாது. பிறகு எதுக்குய்யா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தோம் என்று பீடிக் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். முதல் பாட்டில் கரடிகள் குடத்தைத் தட்டிக்கொண்டு மலையேறின. சின்னதுகள் பெஞ்சைத் தட்டி ஆட்டம் போட்டன. இரண்டாவது பாட்டு நரிக்கு. ஆண்கள் பக்கம் பாதி பெஞ்சு காலியாகிவிட்டது, கரடி நடந்தா சரி, நரி ஓடினா சரி, அதுக்கெல்லாம் பாட்டு எதுக்கு என்று. பெண்கள் பக்கமோ வேறு உலகம். கரடியம்மா குட்டிக்கு மீன் ஊட்டினால், பாரேன், நம்ப மாதிரியே மூத்ததுக்குக் கம்மியாத்தான் வைக்குது என்றாள் ஒருத்தி. அப்பன் கரடி சும்மா படுத்திருந்ததற்கு விழுந்த வசவு ஆண்கள் பக்கம் வரைக்கும் கேட்டது.

இடைவேளையில் சுப்பராயலு தடுப்புச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். கடைசி பெஞ்சில் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்து ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியவில்லை. உட்கார்ந்திருந்த தினுசிலேயே தெரிந்துவிட்டது.

அப்புறம் பனி பெய்தது. சின்னக் குட்டி வழியில் சுருண்டு விழுந்தது. கரடியம்மா அதை மடியில் போட்டுக்கொண்டது. பெண்கள் பக்கம் வீரம்மாள் மூக்கைச் சிந்துவது கேட்டது. சுப்பராயலு துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். கால் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொண்டார். கரடியம்மா வாயைத் திறந்தது.

படக்கென்று படம் ஒரு குதி குதித்தது. வெயில் அடித்தது. பனியைக் காணோம். குட்டி புல்லில் பட்டாம்பூச்சியைத் துரத்திக்கொண்டு ஓடியது.

அடேங்கப்பா, நம்ம டாக்டரு ஊசி போட்டாக்கூட மூணு நாளாவுது, கரடிக்கு கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள சொகமாயிடுச்சே என்று யாரோ சொல்ல, கொட்டகையே சிரித்தது. பிள்ளை பிழைத்தது போதும் என்று பெண்கள் மூச்சு விட்டார்கள். சுப்பராயலுக்கு ஒன்றும் புரியவில்லை. இது இல்லையோ, இன்னொரு தரம் பனி பெய்யுமோ என்று காத்திருந்தார். பெய்யவில்லை. கரடிகள் குகைக்குப் போய்ச் சேர்ந்தன, வணக்கம் போட்டார்கள், கதவைத் திறந்தார்கள். வெளியே மணி நாலு இருபது.

சனம் அடித்துப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடியது. சுப்பராயலு ஓடவில்லை. வாசலில் துரைக்கண்ணு பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, பஸ்ஸு புடிச்சிரலாமில்ல? ஒங்களுக்காகத்தான் மூணு பாட்ட வெட்டச் சொன்னேன். பாட்டுதான, யாரு தேடப் போறாங்க" என்றார்.

சுப்பராயலு அப்படியே நின்றுவிட்டார். தலையில் இடி விழுந்ததென்று சொல்வார்களே, அதெல்லாம் இல்லை. மாடு கறக்கணும் என்று தான் சொன்ன குரல் மட்டும் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. ஊர் வாய்க்குப் பயந்து ஒரு தரம் அவளை வெட்டியாயிற்று. இன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கும்பிட்டுக் கேட்டு வெட்ட வைத்திருக்கிறார்.

போஸ்டர் ஒட்டியிருந்த சுவரோரம் கிருஷ்ணவேணி நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். அவர் பக்கத்தில் வந்ததும், எப்படிண்ணா இருக்கே என்று கேட்கவில்லை. அவருக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தாள், அதுதான் கொடுமை.

"கம்பெனியிலயே எடுத்துட்டாங்க போலக்குதுண்ணா. ரெக்கார்டிங்ல இதெல்லாம் சகஜம். பாடுவோம், வராது. நீ ஒன்னும் மனசுல வெச்சிக்காத" என்றாள். சொல்லிவிட்டுப் போஸ்டரில் இருந்த கரடியின் காதை விரலால் தடவினாள்.

சும்மா இருந்திருந்தால் முடிந்தது. பழி கம்பெனிமேல் போய்விடும். கூட வந்தவர்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள், யாருக்கும் எதுவும் தெரியாது. நாலே முக்கால் பஸ், கறவை, கஞ்சி, எல்லாம் எப்போதும் போல நடக்கும். பெரிய மனுசன் பெரிய மனுசனாகவே இருக்கலாம். வாயை மூடிக்கொண்டு ஒரு தலையாட்டு போதும்.

"கம்பெனிக்காரன் எடுக்கலம்மா. நாந்தான்" என்றார் சுப்பராயலு. "பஸ்ஸுக்கு நேரமாவுது, சீக்கிரம் உடுங்கன்னு நாந்தான் போயி கேட்டேன். அந்தாளு பாட்ட வெட்டிப்புட்டான்."

கிருஷ்ணவேணி அவர் முகத்தையே பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வேறு கணக்கில் வந்துகொண்டிருந்தது.

"மாடு கறக்கவாண்ணா?"

"மாடு கறக்கத்தான்" என்றார் அவர். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தலையில் கை வைக்க வேண்டும்போல இருந்தது, நான்கு வருஷத்தில் கை அந்த வழியை மறந்து போயிருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இங்கேயே நில் என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார்.

படம் ஓட்டுகிற ஆபரேட்டர் ஜெகபர் அலி கோட்டக்குப்பத்துக்காரர். தம்பிகள் எல்லாம் வளைகுடாவில் இருக்க, இவர் மட்டும் இந்த அடுப்புச் சூட்டு அறையை விட்டுப் போகமாட்டேன் என்று இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறவர். வெட்டிய பாட்டு மூன்றும் சுருளாக ஆணியில் தொங்கின. எந்தப் பாட்டு என்று கேட்டார். கரடியம்மா பாட்டு என்றதும் டீ டம்ளரைக் கீழே வைத்தார். வெட்டுகிறபோதே தனக்கு மனசு வரவில்லை என்றும், மேனேஜர் சொன்னால் என்ன செய்வது என்றும் சொன்னார். யார் பாடியது, வேண்டியவர்களா என்று கேட்டார்.

"எந் தங்கச்சி, பாய்."

நான்கு வருஷத்தில் முதல் தடவை அந்த வார்த்தை வெளியே வந்தது. வந்ததும் நெஞ்சுக்கூடு லேசாகிப் போனது. ஜெகபர் அலி சுருளைக் கையில் எடுத்துவிட்டார். ரீலோடு ஒட்ட இப்போது நேரமில்லை, தனியாக மாட்டி ஓட்டுகிறேன், ஆனால் கீழே பெருக்குகிறார்கள், கதவைச் சாத்த முடியாது, படம் சரியாகத் தெரியாது என்றார். காது கேட்டால் போதும் என்றார் சுப்பராயலு.

பிறகு அவர் ஓடிய ஓட்டத்தை ஊரில் யாரும் பார்த்ததில்லை. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு பாட்டு பாக்கி இருக்கிறது, எல்லாரும் இறங்குங்கள் என்று ஜன்னல் ஜன்னலாகத் தட்டினார். பாட்டுக்காக பஸ்ஸை விடுவதா, என்ன பேஜாரு இது என்று முணுமுணுத்தார்கள். வீரம்மாள்தான் முதலில் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பெண்கள், அவர்களின் பிள்ளைகள், கடைசியில் அக்காளே இறங்கிவிட்டாளே என்று பெரியதம்பி. மொத்தம் பதினொரு பேர். மீதிப் பேர் மாட்டை நினைத்துக்கொண்டு போய்விட்டார்கள். போகட்டும்.

கொட்டகைக்குள் முனியம்மாள் மல்லாட்டைத் தோலைப் பெருக்கிக் குவித்துக்கொண்டிருந்தாள். எல்லாக் கதவும் திறந்திருந்தது, சாயங்கால வெயில் தரை முழுக்க விழுந்திருந்தது. வந்தவர்கள் ஆண் பக்கம் பெண் பக்கம் என்று பார்க்காமல் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். கிருஷ்ணவேணி உள்ளே வந்ததைப் பார்த்ததும் பெரியதம்பி எழுந்திருக்கலாமா உட்காரலாமா என்று பாதியில் நின்றான். அதற்குள் மேலே மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டது.

திரையில் வெளுத்துப்போன கரடி ஒன்று, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத பனி. மடியில் குட்டி. 'பனிக்கு நம் வாசல் தெரியாது, பயப்படாதே கண்ணே' என்று ஆரம்பித்தது குரல். அலங்காரம் எதுவும் இல்லாத குரல். முனியம்மாள் துடைப்பத்தைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். கிருஷ்ணவேணி திரையைப் பார்க்கவில்லை, சொந்தக்காரர்கள் முகம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவரைப் பார்ப்பதுபோல.

யார் முகத்திலும் தீர்ப்பு எதுவும் தெரியவில்லை. ஒருத்தி அழுதாள், ஒரு பையன் கொட்டாவி விட்டான். பெரியதம்பி தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். பாட்டு நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சுப்பராயலுக்கு யாரும் சொல்லப்போவதில்லை. பாட்டு முடியட்டும் என்றுதானே எழுதியிருந்தார். பாதிப் பாட்டிலேயே, ஆபரேட்டர் அறைக்குக் கீழே இருந்த கடைசி பெஞ்சின்மேல் ஏறி நின்றார்.

"இது எங்க கிருஷ்ணவேணி பாடுறது" என்றார். குரல் உடைந்து, பாட்டைவிட உரக்க வந்தது. "என்னோட தங்கச்சி."

"மறைக்குது மாமா, உக்காருங்க" என்றான் பெரியதம்பி. "பாட்டு கேக்கறோமில்ல."

கிருஷ்ணவேணி பக்கத்தில் வந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அவர் இறங்கவில்லை. தகரக் கூரைக்குக் கீழே புரொஜெக்டர் ஒளி அவர் முதுகில் பட்டு, கலைந்த முடியும் தோள் துண்டுமாக அவருடைய நிழல் திரையில் விழுந்தது. பாட்டு போய்க்கொண்டிருந்தது. அசைகிற மங்கலான வாய்க்குக் கீழே, குட்டி இருந்த இடத்தில், கரடியம்மாவின் மடியில் அவருடைய பெரிய தலை கிடந்தது.