டெர்மினஸ் என்றால் எல்லைக்கல்

கொஞ்சம் கனமான கதைதான் கண்ணுகளா, மெல்லவே சொல்கிறேன்.

ஷோபனா வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள். அவள் புருஷன் கார்த்திகேசன் திருவேற்காட்டில் மனை அளந்து கல் நடுகிறவன். கல்யாணமாகி வெகுநாள் கழித்துத் தங்கிய பிள்ளை. ஐந்தாம் மாத ஸ்கேனில், பிள்ளைக்கு மண்டையோடே உருவாகவில்லை என்று தெரிந்தது. பிறந்தாலும் பிழைக்காதாம்.

"டெர்மினேட் பண்ணிடலாம்மா," என்றார் டாக்டரம்மா.

ஷோபனாவுக்கு அழுகை வரவில்லை. கைப்பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

கார்த்திகேசன் அன்றைக்கே டேப்பை எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போய்விட்டான். மறுநாளும் போனான். ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின சாயங்காலம், சட்டையெல்லாம் சுண்ணாம்போடு வந்து உட்கார்ந்தான்.

"நாளிக்கி அம்மா வரும் உன்கூட. எனுக்கு வேலை கீது."

அவள் சோறு போட்டாள்.

"அந்த வார்த்தை எங்கேருந்து வந்ததுன்னு பாத்தேங்க. டெர்மினேட். லத்தீன்ல டெர்மினஸ்னா எல்லைக்கல்லாம். அதுலேருந்துதான் முடிவுங்கிற அர்த்தமும் வந்திருக்கு."

"இப்பவும் பாடமா? உனுக்கு வேற நேரமே கெடைக்கலியா டீச்சரம்மா?"

"வேற எதை நெனைக்கிறதுன்னு தெரியலைங்க." ரசத்தை ஊற்றினாள். "அந்தக் காலத்து ரோம்ல அந்தக் கல்லுக்கு வருஷா வருஷம் பூசையாம். ரெண்டு நெலத்துக்காரங்களும் வந்து, அவங்கவங்க பக்கத்துல மாலை போடுவாங்களாம்."

சோறு பிசைந்த அவன் கை நின்றது.

"இங்கயும் அதான். ரெண்டு பார்ட்டியும் வந்து நிக்காம நான் கல்லு நடமாட்டேன். ஒருத்தன் மட்டும் நின்னா, அடுத்தவன் புடுங்கிப் போட்டுட்டுப் பூடுவான்."

"நாளைக்கு நான் மட்டும்தானே நிக்கப்போறேன்?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"பயமா கீது, ஷோபா."

"எனக்கு ஒண்ணுமே தோணலைங்க. பயம்கூட இல்லை. அதான் வாங்கங்கறேன்."

வந்தான். பூந்தமல்லி ஆஸ்பத்திரியில், "கால்ல இடறாம அப்படி ஓரமா நில்லுப்பா," என்று நர்ஸ் ஞானம்மாள் அதட்ட, கட்டிலின் ஓரத்தில் நின்றான். மத்தியானத்துக்கு மேல் எல்லாம் முடிந்தது. பிள்ளையைப் பச்சைத் துணியில் சின்னதாய்ச் சுற்றிக்கொண்டு வந்தார் ஞானம்மாள்.

"பாக்குறீங்களா? சில பேரு வேணாம்பாங்க. அதுவும் தப்பில்ல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"பாக்கறோம்," என்றாள் ஷோபனா. அவனும் தலையசைத்தான்.

முகத்தை மூடியபடியே வைத்து, காலை மட்டும் விலக்கிக் காட்டினார். கார்த்திகேசன் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"ரெண்டாவது வெரலு நீட்டம். உன்னுது மாதிரியே கீது."

"ஆமாங்க," என்றாள் அவள்.