அரை ஆணி

மக்களின் நம்பிக்கை அந்தக் கடையில் மூன்று விலைக்குக் கிடைத்தது. தேக்குச் சட்டம் போட்டால் தொள்ளாயிரம். ரப்பர் மரம் என்றால் நானூற்றைம்பது. மரம் மாதிரியே கோடு கிழித்த பிளாஸ்டிக் என்றால் இருநூறு. கண்ணாடியும் கொக்கியும் அதிலேயே அடக்கம். தேர்தல் முடிந்து புதிய அரசு பதவியேற்றதும், ஊரிலிருந்த அலுவலகங்கள் எல்லாம் புதிய பிரதமரின் படத்தைச் சுவரில் மாட்டுவதற்காக ஃபிரேம் கடைக்கு ஆளனுப்பின. இந்த ஆட்சி நிலைக்குமா நிலைக்காதா என்று தொலைக்காட்சியில் கோட்டு போட்டவர்கள் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரருக்கு அந்தக் கச்சேரி தேவைப்படவில்லை. போன ஆட்சிக்குத் தேக்கு வாங்கின அலுவலகங்கள் எல்லாம் இந்தமுறை பிளாஸ்டிக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தன. வரி அலுவலகத்துத் தலைமை எழுத்தர் ஒருபடி மேலே போய், குரலைத் தாழ்த்தி, "வாடகைக்குக் கிடைக்குமா?" என்று கேட்டார்.

சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஐந்து கட்சிகள் சேர்ந்து அமைத்த அரசு அது. ஐந்து தலைவர்களும் கைகோத்து உயர்த்திய படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்திருந்தது. அதில் ஓரத்தில் நின்றவரின் கை மட்டும் தோளுக்கு மேலே போகவில்லை. "இவருக்குத் தோள்வலியா, மனவலியா?" என்று ஊரே கேட்டது. பக்கத்துக் கடைப் பூட்டு வியாபாரி அந்தப் பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வந்தவர் போனவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினார்.

"ஆறு மாசம் தாண்டாதுண்ணே. எழுதி வச்சுக்குங்க."

"நீ பூட்டு விக்கறவன். உனக்கு எல்லாரும் திருடனாத்தான் தெரிவாங்க."

"நீங்க மட்டும் என்ன? தேக்குல போடுங்கன்னு ஒருத்தருகிட்டயாவது சொன்னீங்களா?"

கடைக்காரர் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லைதான். அதிக லாபம் தேக்கில்தான் என்றாலும், நாளைக்கு ஆட்சி கவிழ்ந்து வாடிக்கையாளர் வந்து முறைத்தால் அந்த முகத்தை யார் பார்ப்பது?

தவிர, அவர் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணப் படம், காலமானவர் படம், குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் இவற்றுக்கெல்லாம் பின்பலகையை வைத்து, நான்கு பக்கமும் ஆணியை முழுதாக இறக்கி, மேலே பழுப்பு டேப் ஒட்டி மூடிவிடுவார்கள். காலமானவர் திரும்பி வரப்போவதில்லை. கல்யாணமானவரும் பெரும்பாலும் தப்பிப் போவதில்லை. பதவியில் இருப்பவர்களின் படத்துக்கு மட்டும் ஆணி பாதிதான் இறங்கும். மீதிப் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், குறடு பிடிக்க வசதியாக. அதற்கு அரை ஆணி என்று பெயர். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. கை தானாகப் பாதியில் நின்றுவிடும். இந்தமுறை கடைக்காரர் இன்னொரு சிக்கனமும் செய்தார். அரசாங்கம் அனுப்பிய புதியவரின் படம், செலவைக் குறைக்கிறார்களாம், பழைய அளவைவிடச் சின்னதாக அச்சாகியிருந்தது. பழைய ஃபிரேமோடு வந்தவர்களுக்கு அவர் பழைய பிரதமரின் படத்தை எடுக்கவே இல்லை. அதன்மேலேயே புதியவரை வைத்து, மேல் விளிம்பில் ஒரு பொட்டுப் பசை தொட்டு, மூடிவிட்டார். பழையவரின் பின்னணி நீலம், புதியவருக்குக் கரை கட்டின மாதிரி அழகாகவே அமைந்தது. பழையவர் திரும்பி வந்தால் புதியவரை உரித்துவிட்டால் போதும். ஒரே கூலியில் இரண்டு ஆட்சி.

வீட்டில்தான் இந்தச் சாமர்த்தியம் செல்லுபடியாகவில்லை.

அவர் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸ். பதினோரு மாதம் வேலை பார்த்ததும் ஒருநாள் நிறுத்திவிட்டு, மறுநாள் புதிதாகச் சேர்ப்பதுபோல் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்ததாகக் கணக்கு வந்துவிடக் கூடாதே என்று பெரிய இடத்தில் யாரோ யோசித்துக் கண்டுபிடித்த உபாயம். அந்த ஒருநாளில் அவள் பீரோவிலுள்ள துணிகளையெல்லாம் இறக்கி மறுபடி மடித்து அடுக்குவாள். யாராவது பேச்சுக்கொடுத்தால் எரிந்து விழுவாள். அவளிடம் ஊசி போடப் பழகின பெண்கள் நிரந்தரமாகி, அவளுக்கே லீவு கொடுக்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள். ஒப்பந்த நர்ஸ்களை நிரந்தரமாக்குவோம் என்று இந்த ஐந்து கட்சிகளும் சேர்ந்து வாக்குறுதி கொடுத்திருந்தன. போன ஆட்சியும் கொடுத்தது. அதற்கு முந்தியதும் கொடுத்தது.

இதற்கு நடுவில், தொலைவில் வேறொரு நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரி அவளைக் கூப்பிட்டிருந்தது. நல்ல சம்பளம், விடுதியில் அறை. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரலாம். மகளுக்குப் பள்ளி இறுதித் தேர்வு வருஷம். மனைவி இல்லாத வீட்டைக் கடைக்காரரால் நினைத்தே பார்க்க முடியவில்லை. ஆனாலும், வியாபாரிக்குப் பிறந்து வியாபாரிகளோடு வளர்ந்த வாய் வேறு மாதிரி பேசியது.

"போயிடும்மா. கைமேல வர்றத விட்டுட்டு இவங்க சொல்றத நம்பறதா? அஞ்சு பேரு ஒரு ஆட்டோவ ஓட்டற மாதிரி இருக்கு இந்த கவர்மெண்டு."

"என்னை அனுப்பறதுல உங்களுக்கு அவ்வளவு குஷியா?"

"குஷியா? நீ போனா எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது."

"அதச் சொல்லுங்க மொதல்ல." அவள் சிரிக்கவில்லை. சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்: "வர்ற வியாழக்கிழமை மந்திரியம்மா வந்து பர்மனென்ட் ஆர்டர் கொடுக்கறாங்களாம். கொடுப்பாங்களா மாட்டாங்களான்னு எனக்கும் தெரியல. நீங்க நம்பவே வேண்டாங்க. ஆனா எங்க ஆஸ்பத்திரிக்குப் போற படத்துக்காவது ஆணிய முழுசா அடிங்க."

"அடிச்சுடறேன்."

"சத்தியமா?"

"ஒரு ஆணிக்கு எதுக்கும்மா சத்தியம்?"

ஆஸ்பத்திரிக்கு ரப்பர் மரம். பெரிய டாக்டர் எதிலும் நடுநிலை வகிப்பவர். பழைய ஃபிரேமையே அனுப்பியிருந்தார். கடைக்காரர் சுத்தியலை எடுத்தபோது பூட்டு வியாபாரி வந்து, பத்திரிகைப் படத்தில் ஓரத்தில் நின்ற தலைவர் நேற்று இரவு கூட்டணி விருந்துக்கு வரவில்லையாம் என்று ஆரம்பித்தார். பேச்சு சுவாரஸ்யமாகப் போயிற்று. காது அவரிடமும் கை ஆணியிடமும் இருந்தது. கை தன் வழக்கப்படி பாதியில் நின்றது. மனைவியிடம் சொன்ன வார்த்தை, படத்தைக் காகிதத்தில் சுற்றிக் கயிறு கட்டின பிறகுதான் நினைவுக்கு வந்தது. பிரிக்கச் சோம்பலாக இருந்தது. சுவரில் மாட்டினால் முதுகை யார் பார்க்கப்போகிறார்கள்?

வியாழக்கிழமை காலை படத்தை அவரே கொண்டுபோய், ஆஸ்பத்திரிக் கூடத்தில் மேடைக்குப் பின்சுவரில் மாட்டினார். மாட்டிவிட்டுப் போயிருக்கலாம். கால் போகவில்லை. கடைசி வரிசையில் தூணோரம் நின்றுகொண்டார். கூடம் முழுக்க வெள்ளைச் சீருடை. ஆனால் ஒரு முகத்திலும் கல்யாணக் களை இல்லை. "வெறும் காகிதத்தக் கொடுத்து போட்டோ புடிச்சுட்டுப் போயிடுவாங்க பாரு" என்று ஒருத்தி சொல்ல, "போட்டோவுக்காவது நல்லாச் சீவிட்டு வந்தியே" என்று இன்னொருத்தி சீண்டினாள். மேடை மேசையில் பழுப்பு உறைகள் அடுக்கியிருந்தன. யாராவது தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்களோ என்பதுபோல் எல்லாக் கண்களும் அவற்றின்மேலேயே இருந்தன.

மனைவி மெல்ல நகர்ந்து அவரருகில் வந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கத்தக் கூடாது."

"என்ன?"

"அந்த ஆஸ்பத்திரிக்கு நேத்தே வரலைன்னு சொல்லிட்டேன்."

சரக்கு வந்து இறங்குமுன்னே இருந்த கடையைக் காலி செய்துகொடுத்த மாதிரியல்லவா இது! அவள் கை, புடவை முந்தானையைத் திருகுவதுபோல், அவருடைய சட்டை நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் கத்துவதற்கு வைத்திருந்த வார்த்தையை விழுங்கிவிட்டார்.

அமைச்சர் வந்தார். ஒல்லியான அம்மாள், கைக்கடிகாரம் ஆணுடையதைப் போலப் பெரிதாக இருந்தது. பெரிய டாக்டர் வரவேற்றுப் பேச ஆரம்பித்தார். ஒலிபெருக்கிப் பெட்டியைப் படம் தொங்கிய அதே சுவரில் பொருத்தியிருந்தார்கள். டாக்டர் "பொற்காலம்" என்று அழுத்திச் சொன்னபோதெல்லாம் சுவர் ஒருமுறை அதிர்ந்தது. நிறையப் பொற்காலம் சொன்னார். கடைக்காரரின் கண் தன் வேலைமேல் போனது. படத்துக்குள் புதிய பிரதமர் லேசாகக் கீழே இறங்கியிருந்தார். பின்பலகை அழுத்திப் பிடிக்கவில்லை, பசை விட்டுவிட்டது. அடுத்த பொற்காலத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கினார். மேலே ஒரு நெற்றி எழுந்தது. பிறகு புருவம். பிறகு, புதியவரின் தலைக்கு மேலே, ஊரே தெரிந்துவைத்திருந்த பழையவரின் இரண்டு கண்கள், மதில்மேல் எட்டிப்பார்ப்பதுபோல், கூடத்தை நோக்கின.

முதலில் ஒரு குழந்தை சிரித்தது. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்ட இருமல்கள். பெரிய டாக்டர் திரும்பிப் பார்த்தார். பொற்காலம் தொண்டையில் நின்றது. அமைச்சரோடு வந்த கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, "யார் பண்ணின வேலை இது? சதி! விழாவ நிறுத்துங்க!" என்று உறைகளின்மேல் கையை வைத்தார்.

அந்தக் கைதான் கடைக்காரரை நகர்த்தியது. படம் விழுந்து நொறுங்கியிருந்தாலும் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருப்பார். உறைகளில் ஒன்று அவர் வீட்டுக்குரியது. மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். ஆணி என்று அவள் உதடு அசைந்தது. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

"சதியெல்லாம் இல்லைங்க. நான்தான். ஃபிரேம் கடை."

அமைச்சர் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். "பழையவர ஏன் எடுக்காம விட்டீங்க?"

பொய் சொல்லலாம். நாலைந்து நல்ல பொய்கள் கைவசம் இருந்தன. ஆனால் மேசைமேல் உறைகள் இருந்தன.

"ஒருவேளை திரும்பி வந்துட்டார்னா, மறுபடி கழட்டி மாட்டற வேலை மிச்சம்னு..."

அமைச்சர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எத்தனை நாள் தாங்குவோம்னு நெனச்சீங்க?"

"எனக்குத் தெரியாதுங்கம்மா. கைக்குத்தான் தெரியும். அது ஆணிய பாதியில நிறுத்திடுச்சு."

அமைச்சரின் வாயோரம் துடித்தது. முதலில் கோபம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பிறகு அவர் தோள் குலுங்கியது.

"என் ஆபீஸ் வாசல்ல என் பேர்ப் பலகைய டேப் போட்டு ஒட்டியிருக்காங்க. ஸ்க்ரூ போட ஏன்யா உனக்கு மனசு வரலன்னு கேட்டேன். 'இருங்கம்மா, பாத்துட்டுப் போட்டுக்கலாம்'ங்கறான்." கூடம் வெடித்துச் சிரித்தது. கட்சிக்காரரும், எதற்கும் இருக்கட்டும் என்று, சிரித்து வைத்தார். "அண்ணே, நீங்க கைய எடுங்க" என்று அவரிடம் சொன்னார் அமைச்சர். "படத்த விழா முடிஞ்சு சரிபண்ணிக்கலாம். அதுவரைக்கும் அவரும் பாத்துக்கிட்டு இருக்கட்டும். அவரு கொடுக்காததத்தானே கொடுக்கறோம்."

உறைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். கடைக்காரரின் மனைவி மேடையேறினபோது நடையில் நடுக்கமில்லை. இறங்கும்போதுதான் படியைத் தவறவிட்டாள். அவர் தாங்கிப் பிடித்துக்கொண்டார். உறைக்குள் முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, அவள் பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தது. அன்றைக்கென்று பார்த்து அவர் கண்ணில் தூசி. பூட்டுக்காரனிடம் இதைச் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவளே படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். வேலை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"முழுசா அடிக்கிறேன்னு சொன்னீங்க."

"நேத்தே வேண்டாம்னு சொல்லப்போறேன்னு நீ சொன்னியா?"

"சரி, அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு."

பூட்டு வியாபாரி தன் கடையிலிருந்தே எட்டிப்பார்த்தார். "தங்கச்சி, ஆர்டர் கிடைச்சுதாமே! ஆனா சம்பளம் வந்தாத்தான் நெசம்."

"வாயக் கழுவுங்கண்ணே" என்றாள் அவள். ஆனால் சிரித்துக்கொண்டுதான்.

கடைக்காரர் அரை ஆணிகளைக் குறடால் பிடுங்கினார். பழையவரை வெளியே எடுத்தார். கிழிக்க மனமில்லாமல் சுருட்டி ஒரு மூலையில் வைத்தார். புதியவரின் முதுகுக்கு அட்டை கொடுத்து, பின்பலகையைப் பொருத்தினார். மேலே ஒரு ஆணி. கை பாதியில் நிற்கப் பார்த்தது; பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு அடி கொடுத்தார். தலை மரத்தோடு மரமாய் இறங்கியது. இடதுபக்கம் ஒன்று. வலதுபக்கம் ஒன்று. நான்காவதைக் கீழே வைத்துச் சுத்தியலை ஓங்கினபோது அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது இருக்கட்டும்."

"ஏன்?"

"முதல் சம்பளம் வரட்டுமே" என்றாள் அவள், உறையைப் பையிலிருந்து எடுத்து இன்னொரு தடவை பார்த்துக்கொண்டே.

அவர் மெதுவாக ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தார். பழுப்பு டேப்பை எடுக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் படம் கவிழ்ந்து கிடந்தது: முழு ஆணி மூன்று, அரை ஆணி ஒன்று; பாக்கி, அரை.